ஆள் தேவை

முதல் விளம்பரத்தில்
'துடிப்பான', 'வளரும் நிறுவனம்', 'தகுதிக்கேற்ற ஊதியம்'
மூன்றும் இருந்தன.
ராயக்கோட்டை பேருந்து நிறுத்தத்தில் ஒன்று,
ஓசூர் சாலை டீக்கடைச் சுவரில் ஒன்று.
முப்பத்தேழு பேர் வந்தார்கள்.
சொட்டுநீர்க் குழாய்க் கடைக்கு மேலே என் அலுவலகம்.
படிக்கட்டில் நின்ற வரிசையைப் பார்த்து
ஏதோ டோக்கன் கொடுக்கிறார்கள் என்று
கடைக்காரரும் வந்து நின்றார்.

எல்லோரும் நல்ல பிள்ளைகள்.
இஸ்திரி கலையாத சட்டைகள்.
ஐந்தாண்டில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன்,
எனக்கே பதில் தெரியாத கேள்வி.
இங்கேதான் மேடம் என்றார்கள்.
அடுத்த மாத வாடகையை எண்ணிக்கொண்டே
தலையாட்டினேன்.

நான் செய்வது தீப்பெட்டி அளவில் ஒரு கருவி.
தக்காளிப் பெட்டிக்குள் போட்டால்
இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லும்.
சொல்லும் என்று வங்கியில் சொல்லியிருந்தேன்.
ஈரம் பட்டால் ஊமையாகிவிடும் என்று
சொல்லவில்லை.

இரண்டாம் விளம்பரத்தை
இரவு பதினொன்றுக்குக் கோபத்தில் எழுதினேன்.
'விடிகாலை மூன்று மணிக்கு மண்டிக்கு வர வேண்டும்.
ஆறு மாதம் பாதிச் சம்பளம், அதுவும் தேதி தவறலாம்.
கருவி மழையில் வேலை செய்யாது, ஏனென்று தெரியாது.
அடுத்த பருவத்தில் நாங்கள் இருப்போமா,
அதுவும் தெரியாது.'

ஒருவரும் வரவில்லை.
பதினெட்டு நாள்.
பசை காய்ந்து ஒரு மூலை சுருண்டது.
மீதியை ஆடு தின்றது.

பத்தொன்பதாம் நாள் ஃபோன்.
"உங்க பொருள் ஒண்ணு எங்கிட்ட இருக்கு."
கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்த வாரம்
சாலையோரம் கொட்டிப் போன குவியலில்,
மாடு தின்றது போக மிஞ்சியதில் கிடந்ததாம்.

பெயர் ஷாஹீன். கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
அண்ணனின் மிக்ஸி ரிப்பேர் கடை.
ரசீது எழுதுவது அண்ணன்,
ரிப்பேர் பார்ப்பது இவள்.
மேசைமேல் வைத்தபோதே கருவி திறந்திருந்தது.
"மழை இல்லீங்க. தக்காளி மூச்சு விடுது,
உள்ளே வேர்க்குது,
திருகு ஓட்டை வழியா தண்ணி இறங்குது."
சைக்கிள் ட்யூபில் நறுக்கிய வளையம் ஒன்று
ஒவ்வொரு திருகுக்கும் அடியில் இருந்தது.
இரண்டு நாள் இட்லிப் பானை ஆவியில்
வைத்துப் பார்த்தாளாம்.

விளம்பரம் பார்த்தாயா என்றேன்.
எந்த விளம்பரம் என்றாள்.
கருவியின் முதுகில் ஒரு துண்டுச் சீட்டு:
'கண்டெடுத்தால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்.'
ஆளைக் கூப்பிட்டு நான் எழுதியவற்றில்
பொய்யும் கோபமும் கலக்காதது
அது ஒன்றுதான்.

வேடியப்பன் கதை வேறு.
பாலக்கோடு மண்டியில் கணக்கு எழுதுபவன்.
இருபது வருட விலை அவன் நாக்கு நுனியில்.
ஏழு முறை நான்தான் தேடிப் போனேன்.
கம்பெனியில் பங்கு தருகிறேன் என்றேன்.
"தீபாவளிக்கு ஆடு வெட்டிப் பிரிக்கிற பங்கு மாதிரியா?
சரி, ஆடு எங்கே?"

ஏழாம் முறை, மூட்டைமேல் உட்கார்ந்து
அவன் கேட்டான்:
"ரெண்டு நாள்ல அழுகும்னு உன் பெட்டி சொல்லுதுன்னு வை.
அதை முதல்ல யாருக்குச் சொல்லும்?
விக்கிறவனுக்கா, வாங்குறவனுக்கா?
வாங்குறவனுக்குத் தெரிஞ்சுட்டா
அந்த லோடுக்கு நாலு ரூபாகூட வராது."

வங்கியில் கேட்காத கேள்வி.
முப்பத்தேழு பேரும் கேட்காத கேள்வி.
டீ ஆறி ஆடை படிந்தது.

அவன் இன்னும் சேரவில்லை.
பதிலை எழுதிக் கொடு, அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறான்.
இரவில் எழுதுகிறோம், ஷாஹீனும் நானும்.
முதல் வரி: விளைவித்தவருக்கே முதலில்.
இரண்டாம் வரியில் 'ஆனால்' என்று தொடங்கினேன்.
அவள் அடித்தாள்.
வேறு மாதிரி எழுதினேன்.
அதையும் அடித்தாள்.

கீழே கடை ஷட்டர் இறங்கும் சத்தம்.
இவளுக்குச் சம்பளமே பேசவில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது. கேட்டேன்.
"பதினாலாயிரம். தேதி தவறக் கூடாது."
தலை நிமிராமல் சொல்லிவிட்டு
மூன்றாம் முறை அடித்தாள்.